என் கட்டுரை ஊருக்குப் போய்ச் சேர்ந்த கதை

ஆங்கில மருத்துவ இதழ் ஒன்றில் என் கட்டுரை வெளிவந்தபோது சங்கரன்கோவிலில் அதைப் படித்தவர்கள் இருவர். ஒருத்தி நான். இன்னொருவர் என் கணவர். அவரும் என் பெயர் இருந்த வரியோடு நிறுத்திக்கொண்டார்.

ஆடித்தபசுத் திருவிழாவுக்கு முன் கோயில் பிரகாரத்தை நூற்றியொரு முறை சுற்றுவதாகப் பெண்கள் நேர்ந்துகொள்வார்கள். சர்க்கரை நோயால் பாதம் மரத்துப்போனவர்களுக்குக் கல்தளம் சுடுவது தெரியாது. கொப்புளம் புண்ணாகும், பிறகு என் கிளினிக்குக்கு வருவார்கள். தடித்த காலுறையாவது போட்டுக்கொண்டு சுற்றுங்கள் என்பதுதான் கட்டுரையின் சாரம். சுற்றிய நாள்களில் சிலருக்குச் சர்க்கரை சற்றுக் குறைந்திருந்ததையும் ஓர் ஓரத்தில் எழுதியிருந்தேன். நடந்தால் குறையத்தானே செய்யும்.

இப்போதெல்லாம் கட்டுரை எழுதினால் மட்டும் போதாது. சமூக ஊடகத்தில் பகிர்வதற்கு ஒரே படமாகச் சுருக்கித் தரும்படி இதழிலிருந்து மடல் வந்தது. புண்ணில் தொடங்கினால் யாரும் பகிர மாட்டார்கள், நல்ல செய்தியை மேலே வையுங்கள் என்று அறிவுரை வேறு. ஆசை யாரை விட்டது? சர்க்கரை குறைந்ததை மேலே பெரிய எழுத்திலும் புண்ணைக் கீழேயும் போட்டேன். தமிழிலும் ஒன்று செய்து எங்கள் டாக்டர்கள் குரூப்பில் அனுப்பினேன்.

யாரோ ஒரு புண்ணியவான் கீழ்ப்பாதியை வெட்டி, என் பெயரையும் எடுத்துவிட்டு, அம்மன் படத்தைச் சேர்த்தார். திருவேங்கடம், வாசுதேவநல்லூர் என்று குரூப் குரூப்பாகப் போய், ஒரே வாரத்தில் என் அத்தையிடமிருந்து எனக்கே வந்தது. ‘நீயும் கொஞ்சம் இதையெல்லாம் படி’ என்று கீழே ஒரு வரி. நான் எழுதிய மறுப்பு மட்டும் அனுப்பிய இடத்திலேயே உட்கார்ந்திருந்தது.

ஆடி முடிந்ததும் தறிக்காரர் வீட்டு அம்மா ஒருவர் வந்தார். பல வருடமாக என்னிடம் மருந்து சாப்பிடுகிறவர். வலது கால் பெருவிரல் கறுத்திருந்தது. மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்று கேட்டேன்.

“அத நிறுத்தி ஒரு மாசமாச்சு டாக்டரம்மா. சுத்துனா கொறையுதுன்னு பெரிய டாக்டருமாரு எழுதியிருக்காவளே, நீங்க பாக்கலியா?” என்று போனை நீட்டினார்.

நான் தேர்ந்தெடுத்த அதே பெரிய எழுத்து. அவமானமாக இருந்தது. அதில் பாதிதான் வந்திருக்கிறது, மாத்திரையை விடவே கூடாது என்று மட்டும் சொன்னேன். எழுதியது நான்தான் என்று சொல்ல வாய் வரவில்லை.

திருநெல்வேலியில் விரலை எடுத்தார்கள். அந்த வாரமே இதழிலிருந்து வாழ்த்து மடல்: அதிகம் பகிரப்பட்ட கட்டுரைகளில் என்னுடையதும் ஒன்றாம். பாராட்டைப் படித்துவிட்டு அழுதது அன்றைக்குத்தான்.

அந்த அம்மா கட்டு மாற்ற வந்தபோது, இனியும் மறைக்கக் கூடாதென்று உண்மையைச் சொல்லிவிட்டேன்.

“அந்தப் படத்தச் செஞ்சது நாந்தாம்மா. புண்ணு வரும்னு கீழ போட்டிருந்தேன். அத மேல போட்டிருக்கணும். தப்பு எம்மேலதான்.”

திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் முகம் தெளிந்தது.

“நீங்களா எழுதுனிய? அப்பம் நெசமாத்தான் இருக்கும். நாந்தான் எம்பது சுத்தோட விட்டுட்டேன். வார ஆடிக்கு மிச்சத்த முடிச்சிருதேன்.”