மானிட்டர் இல்லாத கணினி

மும்பை தாராவியில் வசிக்கும் உமைராவுக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது. பதினொரு மணிக்கு இணையத்தில் அவளுடைய முதல் வேலைக்கான இன்டர்வியூ. பத்தரைக்குத்தான் பக்கத்துச் சந்து ரமேஷ்குமார் நெட் கனெக்‌ஷன் கொடுக்க வந்தான்.

“மானிட்டர் எங்கக்கா?”

“எனக்கு எதுக்குல அது? வாங்கவே இல்ல.”

“பொறவு நான் எதைப் பாத்து செட் பண்ண?”

“நீ பாஸ்வேர்டைச் சொல்லு, போதும்.”

உமைரா கட்டளைகளை வரிவரியாகத் தட்டினாள். கணினியின் பதிலை ஸ்பீக்கர் வாசித்தது. அக்கம்பக்கத்து வைஃபை பெயர்கள் இருபத்தேழைக் கேட்டுத் தன்னுடையதைத் தேர்ந்தெடுத்து, அவன் சொன்ன பாஸ்வேர்டை அடித்தாள். இணைப்பு கிடைக்கவில்லை என்றது குரல்.

“ஏல, கேப்பிட்டல் எழுத்து உண்டா?”

“அரே, முதல் எழுத்து கேப்பிட்டல், அக்கா! சாரி.”

திருத்தி அடித்தாள். இணைந்துவிட்டது. மணி பத்து ஐம்பது.

ரமேஷ்குமார் நகராமல் அவள் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“கிளம்புல. நீ மூச்சு விடுறது இன்டர்வியூ எடுக்குறவங்களுக்குக் கேக்கும்” என்று விரட்டிவிட்டு ஹெட்போனை மாட்டினாள்.