நாட்டுமருந்துக் கடை அண்ணாச்சி

மரப்பிசின் சாறு கலந்த நீரில் வாய்க்காலில் நீந்தும் பொடி நீர்த் தெள்ளுப்பூச்சிகளை விட்டு, எந்த அளவில் சாகின்றன என்று சோதிப்பது பாளையங்கோட்டைக் கல்லூரியில் என் ஆராய்ச்சி. பிசின் தருபவர் ஒரு நாட்டுமருந்துக் கடைக்காரர். நெற்றி நிறையத் திருநீறு. எதை எடுத்தாலும் முகர்ந்து பார்த்த பிறகே பேசுவார்.

கடைசியாக வந்தபோது மிகவும் மெலிந்திருந்தார். கையில் ஒரு பாட்டில் தண்ணீர் மட்டும் இருந்தது.

“மோந்து பாத்தேன், ஒண்ணும் பிடிபடல. உங்க பூச்சிய இதுல விட்டுப் பாருங்க தங்கச்சி.”

விட்டேன். அவர் குவளையையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். சிறிது நேரத்தில் துள்ளல் அடங்கி, பூச்சிகள் ஒவ்வொன்றாக அடியில் படிந்தன. வாய்க்கால் நீரில் விட்டவை பக்கத்துக் குவளையில் நீந்திக்கொண்டிருந்தன.

“எந்தக் குளத்துத் தண்ணி அண்ணாச்சி?”

“குளமில்ல. என் கட்டிலுக்குப் பக்கத்துல வீட்டுக்காரி வைக்கிற செம்புல எடுத்தேன்.”

ஆஸ்பத்திரிக்குப் போகலாம், போலீஸில் சொல்லலாம் என்று கெஞ்சினேன்.

“சந்தேகம் இருந்துச்சு. இப்பம் தெளிஞ்சிட்டு,” என்று எழுந்தார்.

“எங்க போறீங்க?”

“வீட்டுக்குத்தான். சாப்பாட்ட எடுத்து வச்சிக்கிட்டு காத்திருப்பா.”

மறு வாரம் கடை பூட்டிக் கிடந்தது. அன்று அவர் கோபத்தோடு போனாரா, பிரியத்தோடு போனாரா என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.