மோட்டர் இறங்கிய கிணறு

யாழ்ப்பாணத்திலிருந்து தீவுகளுக்குப் போகும் வீதியில், மண்கும்பானில், மின்சாரக் கார்களுக்கு விரைவாக மின்னேற்றும் நிலையம் ஒன்று புதிதாக நிற்கிறது. நயினாதீவுக்குப் போகிறவர்கள் அங்கே காரை நிறுத்தி, சார்ஜ் ஏறும்வரை குளிரூட்டிக்குள் இருந்துவிட்டு, குறிகட்டுவான் இறங்குதுறைக்குப் புறப்படுகிறார்கள். நல்ல காரியம் என்று சொல்கிறார்கள். இருக்கலாம். புகை இல்லை, இரைச்சல் இல்லை. அதன் பின்வேலிக்கு அப்பால் ஜெனீற்றாவின் கிணறு இருக்கிறது என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை.

ஜெனீற்றாவுக்கு ஐம்பது வயது நெருங்குகிறது. அல்லைப்பிட்டியில் பிறந்து, கடற்தொழில் செய்யும் ஜோர்ஜைக் கலியாணம் முடித்து இங்கே வந்தவள். இரண்டு தடவை இடம்பெயர்ந்து இரண்டு தடவை திரும்பி வந்தாள். கடைசியாக வந்தபோது வீட்டுக்குக் கூரை இல்லை. கிணற்றுக்குள் கல்லும் தகரமும் கிடந்தன. கூரையைப் பிறகு பார்க்கலாம் என்று புருசனிடம் சொல்லிவிட்டு, முதலில் கிணற்றைத்தான் துப்புரவாக்கினாள். விடிய எழும்பி இடியப்பம் அவித்து வேலணைக் கடைகளுக்குக் கொடுப்பது அவளுடைய தொழில். அந்த இடியப்பத்தின் மெதுமைக்குக் காரணம் தன் கை அல்ல, தண்ணீர்தான் என்று அவளே சொல்லுவாள். என் வீடு உட்பட அயல்வீடுகள் எல்லாம் குடிக்க அங்கேதான் அள்ளின.

எங்கள் பக்கத்தில் நல்ல தண்ணீர் என்பது மணலுக்குள் தேங்கி நிற்கும் மழைதான். மெல்லிய ஒரு தட்டுத்தான். அதற்குக் கீழே கடல். ஆறுதலாக அள்ளினால் கடல் கீழேயே கிடக்கும். அவசரப்பட்டு இறைத்தால் மேலே வந்துவிடும். இது இங்கே எல்லோருக்கும் தெரியும். தண்ணீர் கேட்டு வந்தவருக்கு இல்லை என்று சொல்லும் வழக்கமும் இங்கே இல்லை. சொல்லத் தேவை இருந்ததில்லை. எவ்வளவு அள்ளலாம் என்பதை அள்ளுகிறவரின் தோள்மூட்டு பார்த்துக்கொண்டது. கை உளைந்தால் நிறுத்துவார்கள். கொடுப்பதற்கு ஓர் எல்லை இருந்தது. அது எங்கள் வாயில் இருக்கவில்லை, வாளிக் கயிற்றில் இருந்தது. அதை அறியாமல் நாங்கள் அதற்குத் தாராளம் என்று பெயர் வைத்துப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தோம்.

சோழகக் காற்று புழுதியைக் கிளப்பும் ஆடி மாதத்தில் நிலையம் கட்டும் வேலை தொடங்கியது. மேற்பார்வைக்கு வந்தவர் மிரோஜன் என்ற இளைஞர். கொக்குவில்காரர், மரியாதையானவர். வந்த அன்றே ஜெனீற்றாவின் வேலிப் படலையில் நின்று, வேலை செய்யிற பெடியளுக்குக் கொஞ்சம் தண்ணீர் எடுக்கலாமோ என்று கேட்டார்.

“தண்ணிக்கு என்ன கேள்வி தம்பி? எடும்” என்றாள் ஜெனீற்றா. சொன்னதோடு நிற்காமல், வெயிலுக்குள் நிற்கிறார்களே என்று எல்லோருக்கும் தேத்தண்ணீரும் ஊற்றிக் கொடுத்தாள்.

அத்திவாரம் வெட்டி முடிந்ததும் வேலிக்கு மேலால் ஒரு நீலக் குழாய் வந்தது. கிணற்றுக்குள் மோட்டர் இறங்கியது. கொங்கிறீற்று குழைக்க, குழைத்ததை நனைக்க, கலவை மெசினைக் கழுவ, புழுதி அடங்க வீதிக்குத் தெளிக்க என்று காலையிலிருந்து பின்னேரம்வரை அது உறுமியது. ஜெனீற்றா இரண்டு தடவை நிறுத்தச் சொல்லப் போனாள். ஒரு தடவை சாப்பிட்டாச்சோ என்று விசாரித்துவிட்டுத் திரும்பினாள். மற்றத் தடவை, குடிக்கத் தேசிக்காய்த் தண்ணீர் கரைத்துக் கொடுத்துவிட்டு வந்தாள். எடும் என்று சொன்ன வாயால் எடாதே என்று எப்படிச் சொல்வது? அப்படி ஒரு சொல்லை அவளுக்கு ஒருவரும் பழக்கியிருக்கவில்லை. எனக்கும்தான். நானும் அந்தக் குழாயைப் பார்த்துக்கொண்டு என் வாளியைத் தூக்கி வந்தேன்.

முதலில் தேத்தண்ணீரில் பால் திரைந்தது. பிறகு வேலணைக் கடைக்காரர், உப்பைக் குறைக்கச் சொன்னார். அவள் அன்று மாவில் உப்பே போட்டிருக்கவில்லை. அடுத்த கிழமை வெறும் தண்ணீரே நாக்கில் கரித்தது. கடைக்காரர் வேறு ஆளிடம் இடியப்பம் எடுக்கத் தொடங்கினார். அயலவர்கள் குடத்தோடு அடுத்த ஊர்க் குழாயடிக்கு நடந்தார்கள். போகும் வழியில் படலைக்கு முன்னால் நின்று அயல்வீட்டு நல்லம்மா கேட்டாள்: “என்னடி, கொங்கிறீற்றுக்குத் தாகம் தீந்திட்டுதோ? தேத்தண்ணி வேற குடுத்தனி. வடை சுட்டுக் குடுக்கேல்லையோ?”

ஜெனீற்றா நேரே மிரோஜனிடம் போனாள். பெரிய மின்மாற்றியை வைப்பதற்கான மேடைக்கு அப்போதுதான் கொங்கிறீற்று ஊற்றி மட்டப்படுத்தியிருந்தார்கள்.

“தம்பி, உம்மட வீட்டில கிணறு இருக்கோ?”

“இருக்கு அன்ரி.”

“அதுக்கு அடியில கடல் கிடக்கோ?”

பெடியள் சிரித்தார்கள். மிரோஜன் சிரிக்கவில்லை. “நீங்கள்தானே அன்ரி எடுங்கோ எண்டனீங்கள். நான் கேட்டுத்தானே எடுத்தனான்” என்றார்.

“ஓம். கேட்டனீர். மோட்டர் இறக்கேக்க கேட்டனீரோ?”

அவர் கோபிக்க வேண்டாம் என்றார். மழை பெய்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றார். வாகனத்திலிருந்து போத்தல் தண்ணீர்ப் பெட்டி ஒன்றை இறக்கி வீட்டில் வைக்கும்படி ஒருவனிடம் சொன்னார். அந்தப் பெட்டியைக் கண்டதும்தான் அவளுக்குக் கண் சிவந்தது. வேலிக்குள் திரும்பிப் போய், கயிற்றைப் பிடித்து, உறுமிக்கொண்டிருந்த மோட்டரின் வயரை இழுத்துக் கழற்றிவிட்டு அதைத் தனியாகவே மேலே தூக்கினாள். சேறு வடிய வடியச் சுமந்து வந்து, மட்டப்படுத்திய மேடையின் நடுவில் தொப்பென்று வைத்தாள். அது ஈரக் கொங்கிறீற்றுக்குள் சாய்ந்து இறங்கியது.

“இனி என்ர கிணத்தில ஒரு சொட்டு எடுக்க ஏலாது.”

வாழ்க்கையில் அவள் தண்ணீருக்கு இல்லை என்று சொன்னது அதுதான் முதல் தடவை.

அதன் பிறகு நடந்ததைத்தான் என்னால் இன்னும் விழுங்க முடியவில்லை. மிரோஜன் தொலைபேசியில் இரண்டு வார்த்தை பேசினார். மத்தியானத்துக்குள் யாழ்ப்பாணத்திலிருந்து தண்ணீர் பவுசர் லொறி வந்து நின்றது. மிச்ச வேலை முழுவதும் பவுசர் தண்ணீரிலேயே நடந்தது. முதல் நாளே அதைக் கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடாததற்கு ஒரே காரணம், ஒரு பெண் எடும் என்று சொன்னது. அவளுடைய நல்ல குணத்தை அவர்கள் கெடுதல் நினைத்துப் பயன்படுத்தவில்லை என்று சிலர் சொல்கிறார்கள். கிணற்றுக்கு அந்த வித்தியாசம் தெரியாது.

மழை வந்தது. கிணறு பாதி தேறியது. குளிக்கலாம், ஆட்டுக்கு வைக்கலாம், இடியப்பத்துக்கு ஆகாது. ஜோர்ஜின் வலையில் விழுவதை வைத்துத்தான் இப்போது வீடு ஓடுகிறது.

நிலையம் திறந்த கிழமை, சார்ஜ் ஏறும்வரை சும்மா நின்ற ஒருவர் படலைக்கு வந்து குடிக்கத் தண்ணீர் கேட்டார். நான் வேலியடியில் நின்றேன். முன்பென்றால் அவள் கேட்டவரின் முகத்தைப் பார்த்திருப்பாள். அன்று அவருடைய கையைப் பார்த்தாள். வாளியோ குழாயோ இல்லாத வெறுங்கை. உள்ளே போய்க் கிணற்றுத் தண்ணீரை ஒரு செம்பில் கொண்டு வந்து கொடுத்தாள். அவர் ஒரு மிடறு குடித்துவிட்டு மணலில் துப்பினார்.

“உப்பெல்லோ இது! எப்பிடி இதைக் குடிக்கிறியள்?”

“நல்ல தண்ணி இருந்தது” என்றாள் ஜெனீற்றா. “அந்தா, உங்கட கார் நிக்கிற கொங்கிறீற்றுக்குள்ள போயிட்டுது.”

அவர் திரும்பிப் பார்த்தார். பிறகு தொலைபேசியை எடுத்து இன்னும் எவ்வளவு ஏற வேண்டும் என்று பார்த்துவிட்டு, பக்கத்தில் கடை இருக்கிறதோ என்று கேட்டார். அவள் வீதியைக் கையால் காட்டினாள். செம்பில் மிஞ்சியதை முருங்கைக்கு ஊற்றிவிட்டு வந்து படலையைச் சாத்தினாள்.

பட்டப்பகலில் அந்தப் படலை சாத்தியிருந்ததை நான் அதற்கு முன் கண்டதில்லை.