உப்பளத்துக் காய்ச்சல் ஆசுபத்திரி வாசலில்

1957-ஆம் வருஷம், ஆடி மாதம். பாண்டிச்சேரியில் வெள்ளைக்காரன் கொடியை இறக்கி நம் கொடியை ஏற்றி மூன்று வருஷம் ஆகப்போகிற நேரம். சாரம் பகுதியில் இன்று மாடி வீடுகள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கிற இடமெல்லாம் அன்று நெல் வயல். ஊரை விட்டுத் தள்ளி, வயலை ஒட்டினாற்போல எங்கள் தெரு.

எனக்கு அப்போது பதினெட்டு வயது. அப்பாவும் அம்மாவும் நான் சின்னப் பெண்ணாக இருக்கும்போதே போய்விட்டார்கள். என்னை வளர்த்தது அண்ணன். அவர் ஒரு பண்ணைக்காரரிடம் ஏர் ஓட்டினார், நான் அதே வயல்களில் நடவு நட்டேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அண்ணனுக்கோ வாயே கிடையாது. "ரெண்டு பேர் வாயையும் சேர்த்துப் படைச்சவன் உனக்கே குடுத்துட்டான்டி" என்று கூட நடவு நடும் பெண்கள் கிண்டல் செய்வார்கள். அண்ணன் கேட்டுச் சிரித்துக்கொண்டே போவார். என்னை ஒருவன் கையில் பிடித்துக் கொடுத்த பிறகுதான் தன் கல்யாணம் என்று உட்கார்ந்திருந்த மனிதர். எனக்கு உலகத்தில் வேறு யாரும் இல்லை.

அந்த வருஷம்தான் அந்தக் காய்ச்சல் வந்தது. கப்பலில் வந்த காய்ச்சல் என்றார்கள். வீட்டுக்கு வீடு படுத்தார்கள். வசதி உள்ளவர்கள் கதவைச் சாத்திக்கொண்டு படுத்தார்கள். எங்களுக்கு ஏது அந்தக் கொடுப்பினை? வயலுக்குப் போகாவிட்டால் அடுப்பு எரியாது. உடம்பு கொதிக்கக் கொதிக்கச் சேற்றில் இறங்கினோம்.

அப்போதுதான் ஒருநாள் தெருவில் தமுக்கு அடித்தார்கள். வயல் வேலை செய்கிறவர்களைக் காப்பாற்ற சர்க்கார் தனியாகப் பணம் ஒதுக்கியிருக்கிறது, காய்ச்சல் கண்டவர்களுக்கு உப்பளம் பகுதியில் ஒரு ஆசுபத்திரி திறந்திருக்கிறது, படுக்கை, மருந்து, பால், ரொட்டி எல்லாம் இலவசம், எல்லாரும் வரலாம் என்று சொல்லிக்கொண்டே போனார் தமுக்கடித்தவர்.

"அடேங்கப்பா, நமக்குப் பாலும் ரொட்டியுமாம்! அப்படியே ஆளுக்கொரு மெத்தையும் போட்டு விசிறி விடுவாங்களாமா?" என்று ஒருத்தி சொல்ல, எல்லாரும் இருமலோடு இருமலாகச் சிரித்தோம். சிரித்தாலும் எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாகத்தான் இருந்தது. நம்மையும் ஒரு சர்க்கார் நினைக்கிறதே!

அந்த வாரமே அண்ணனுக்குக் காய்ச்சல் கண்டது. சொல்லாமல் ஏர் ஓட்டியிருக்கிறார். பாதி வயலில் கலப்பையைப் பிடித்தபடியே உட்கார்ந்துவிட்டார். மறுநாள் விடிந்ததும் மூச்சு இழுக்க ஆரம்பித்தது. நான் அவரைத் தோளில் சாய்த்துக்கொண்டு உப்பளத்துக்குக் கிளம்பினேன். நடப்பார், உட்காருவார், மறுபடி நடப்பார். வழியில் யாரிடமாவது வண்டி கேட்கலாம் என்றால் அதற்கும் வேண்டாம் என்று தலையை ஆட்டினார்.

அந்த ஆசுபத்திரி, முன்னே வெள்ளைக்காரத் துரை ஒருவர் குடியிருந்த பெரிய பங்களா. ஆள் உயரத்துக்கு மேல் மதில், பெரிய மரக்கதவு. கதவு சாத்தியிருந்தது. வெளியே மரத்தடியில் எங்களைப் போல நிறைய ஜனம். பக்கத்துக் கிராமங்களிலிருந்து வந்த கூலிக்காரர்கள். காய்ச்சல்காரர்கள் தரையில் சுருண்டு கிடந்தார்கள், கூட வந்தவர்கள் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு கதவைப் பார்த்தபடி நின்றார்கள்.

"கதவைத் தட்டினீங்களா?" என்று கேட்டேன்.

"கூப்புடுவாங்கம்மா. இருக்கோம்" என்றார் ஒருவர்.

இது உங்களுக்கு விசித்திரமாக இருக்கலாம். எங்களுக்கு இல்லை. பண்ணைக்காரர் வீட்டுக்குப் போனால் பின்பக்கம் மாட்டுக்கொட்டகை ஓரம்தான் நிற்போம். தொண்டையை லேசாகச் செருமுவோம். அது காதில் விழுந்து அவர்களாகக் கூப்பிட்டால்தான் பேச்சு. கதவைத் தொட்டால் அன்றைக்கு வேலை போச்சு, சில சமயம் முதுகுத் தோலும் போச்சு. அங்கே நின்றவர்களும் அதைத்தான் செய்தார்கள். ஒருவர் மாற்றி ஒருவர் தொண்டையைச் செருமிக்கொண்டிருந்தார்கள். அவ்வளவு பெரிய மதிலைத் தாண்டி அது யார் காதில் விழும்?

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "நான் போய்த் தட்டறேன்" என்று எழுந்தேன். அண்ணன் என் கையைப் பிடித்துக்கொண்டார். அந்தக் காய்ச்சலிலும் என்ன பிடி!

"வாணாம்மா. துரை பங்களாடி. அவங்களா கூப்புடட்டும்."

"துரைதான் போயிட்டானே அண்ணே. இது நமக்குன்னு தொறந்த ஆசுபத்திரி. தமுக்கு அடிச்சாங்கல்ல?"

"தமுக்கு அடிப்பாங்க. நாம உள்ள பூந்தா உன்னை ஒரு வார்த்த சொல்லிடுவாங்க. என்னால தாங்க முடியாது. உக்காரு."

உட்கார்ந்தேன். அவருக்கு அதற்குமேல் பேச மூச்சு இல்லை. நான் எதிர்த்துப் பேசினால் அந்தக் கொஞ்ச மூச்சும் போய்விடுமோ என்று பயமாக இருந்தது. முந்தானையை நனைத்து நெற்றியில் போட்டேன். வெயில் ஏறியது. பஞ்சாலைச் சங்கு மத்தியானத்துக்கு ஊதியது. கதவு திறக்கவே இல்லை. அண்ணனின் உதடு நீலம் பாரிக்க ஆரம்பித்தது. என் கையைப் பிடித்திருந்த பிடி தளர்ந்தது.

எழுந்து ஓடி இரண்டு கையாலும் கதவைத் தள்ளினேன். தாழ் போடவே இல்லை. தள்ளியதும் திறந்துகொண்டது.

உள்ளே நீளமான முற்றம். அதைத் தாண்டி ஒரு கூடம். கூடம் முழுக்க இரும்புக் கட்டில்கள், வெள்ளை வெளேரென்று விரிப்பு. ஒன்றில்கூட ஆள் இல்லை. மேஜை மேல் பெரிய பாத்திரத்தில் காய்ச்சிய பால் ஆடை கட்டிக் கிடந்தது. பக்கத்தில் ரொட்டி அடுக்கியிருந்தது. வெள்ளைக் கவுன் போட்ட நர்ஸ் அம்மா ஒருவர் நாற்காலியில் சும்மா உட்கார்ந்திருந்தார்.

"மதாம், என் அண்ணன்..." என்று நான் ஆரம்பித்ததுமே அவர் எழுந்து வந்தார்.

"வாம்மா, வா. காலையிலேருந்து ஒருத்தரும் வரலியேன்னு பாத்துட்டிருக்கேன். ஜனங்க பயந்துக்கிட்டு வரலன்னு டாக்டர் ஐயாகூட இப்பதான் பின்வாசல் வழியா வேற ஊரப் பாக்கக் கெளம்பினாரு."

"எல்லாரும் வெளியிலதாம்மா இருக்காங்க" என்றேன்.

அவருக்குப் புரியவில்லை. வாசலுக்கு வந்து மரத்தடியைப் பார்த்தார். அப்படியே வாயில் கையை வைத்துக்கொண்டார். "ஐயோ கடவுளே, கதவுக்குத் தாழே போடலியே... தள்ளிக்கிட்டு உள்ள வர வேண்டியதுதானே!" என்று அழுகிற குரலில் கத்தினார். மரத்தடியில் இருந்தவர்கள் அப்போதுதான் ஒவ்வொருவராக எழுந்தார்கள்.

நானும் அவரும் அண்ணனைத் தூக்கிக்கொண்டு போய்க் கட்டிலில் கிடத்தினோம். ஊசி போட்டார். பாலை ஸ்பூனால் ஊட்டினார், கடைவாயில் வழிந்துவிட்டது. டாக்டரைத் தேடி ஆள் அனுப்பினார். அண்ணன் கண்ணைத் திறந்து விரிப்பைத் தடவிப் பார்த்தார். பிறந்ததிலிருந்து கட்டிலில் படுத்ததில்லை அவர்.

"இது யாருக்குப் போட்டது?" என்று கேட்டார்.

"உனக்குத்தான் அண்ணே. சர்க்கார் உனக்குன்னே போட்டது."

அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். சின்ன வயதில் நான் பொய் சொன்னால் சிரிப்பாரே, அதே சிரிப்பு. "அவங்க வந்தா என்னை எழுப்பிவுடு, எறங்கிக்கறேன்" என்றார்.

அதுதான் அவர் கடைசியாகப் பேசியது. பொழுது சாய்வதற்குள் போய்விட்டார். ஓடிவந்த டாக்டர், காலையிலேயே உள்ளே வந்திருந்தால் ஒருவேளை பிழைத்திருக்கலாம் என்று நர்ஸ் அம்மாவிடம் மெதுவாகச் சொன்னது என் காதில் விழுந்தது.

மறுநாளிலிருந்து அந்த நர்ஸ் அம்மா நாற்காலியைத் தூக்கி வாசலிலேயே போட்டுக்கொண்டார் என்று கேள்விப்பட்டேன். வருகிறவர்களை எல்லாம் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போனாராம். எங்கள் தெருவில் அதனால் பிழைத்தவர்கள் இருக்கிறார்கள். அவர் எங்கே இருந்தாலும் நன்றாக இருக்கட்டும்.

எனக்குப் பிறகு கல்யாணமும் ஆயிற்று, பிள்ளைகளும் ஆயிற்று. வீட்டிலும் கட்டில் வந்தது. சர்க்கார் பணம் ஒதுக்கியது நிஜம், கட்டில் போட்டதும் நிஜம். அவர் பேரில் போட்ட கட்டிலிலேயே படுத்துக்கொண்டு, அது தனக்கானது என்று கடைசி மூச்சு வரை நம்பாமல் என் அண்ணன் செத்துப்போனார், அந்தத் துக்கம் மட்டும் இத்தனை வயதாகியும் எனக்கு ஆறவே இல்லை.