சுப்பராஜா வீட்டு ப்ளக் பாயிண்ட்

மீன் தொட்டிக்குக் காற்று ஊதும் பம்பின் ப்ளக்கைப் பிடுங்கி, துடைத்து, மறுபடி சொருகினேன். ஓடியது. டெஸ்டரை வைத்துப் பார்த்தேன், எரிந்தது. தொட்டியில் தாய் மீன் தன் முட்டைகளைத் தின்று முடித்துவிட்டு ஓரமாக நின்றது. மீன் தொட்டி விற்று, அதைப் பழுதும் பார்த்துப் பாடுபட்டவர்கள் ஒப்புக்கொள்வீர்கள்: மீனுக்கு வருகிற நோயில் பாதி சுவரில் இருக்கும் ப்ளக் பாயிண்டில் தொடங்குகிறது.

மூச்சு

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எனக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் மீன் கடை. வண்ண மீன் என்று சொல்லாவிட்டால் குழம்புக்கு அயிரை இருக்கிறதா என்று கேட்பார்கள். ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி நெய்கிற சுப்பராஜா என்னிடம் தொட்டியும் ஒரு ஏஞ்சல் மீன் ஜோடியும் வாங்கியிருந்தார். பம்பு, விளக்கு எல்லாவற்றுக்கும் ஒரு மரப் பெட்டியில் நானே ஸ்விட்சும் ப்ளக்கும் வைத்துக் கொடுத்திருந்தேன். அவர் மனைவி லட்சுமியம்மாவுக்கு ஒரே ஆசை, குஞ்சு பார்க்க வேண்டும். குமிழ் நின்றால் மீன் மிரண்டு முட்டையைத் தின்றுவிடும் என்று சொல்லியிருந்தேன்.

அன்று அவர் வீட்டில் பழுது எங்கே என்று நான் குனிந்து தேடிக்கொண்டிருக்கும்போதே சுப்பராஜா வந்தார். பம்பின் ப்ளக்கைப் பிடுங்கினார். அந்த இடத்தில் இஸ்திரிப் பெட்டியைச் சொருகி, வெள்ளைச் சட்டையை விரித்தார். தினமும் இதுதான் நடந்திருக்கிறது. நான் பார்த்த பார்வைக்கு அவரே பதில் சொன்னார்:

“ஒரு சட்டை தேய்க்க எம்புட்டு நேரம் தம்பி? அதுவரைக்கும் மீனு மூச்சைப் பிடிச்சுக்கிட்டு இருக்காதா?”

ஏற்றுமதிச் சரக்கு

அடுத்த தடவை முட்டை வந்தபோது லட்சுமியம்மா போனில் கிசுகிசுத்தார், மீனுக்குக் கேட்டுவிடும் என்பதுபோல. மறுநாள் மறுபடி கூப்பிட்டார். தொட்டியைத் தொட்டால் சுர்ரென்கிறதாம்.

போய்ப் பார்த்தால் மரப் பெட்டி ஈரமாக இருந்தது. இஸ்திரிப் பெட்டிக்கு அதிலிருந்தே தனி ஒயர் இழுத்த சுப்பராஜா, இணைப்பில் டேப் சுற்ற வேண்டிய இடத்தில் சொந்தக் கம்பெனி பேண்டேஜால் கட்டுப் போட்டிருந்தார். அதன் நுனி தொட்டிக்குள் கிடந்தது. தண்ணீர் துணி வழியாக ஏறி ப்ளக் வரை வந்திருந்தது. மெயினை அணைத்து எல்லாவற்றையும் கழற்றினேன். அதற்குள் முட்டை போய்விட்டது. லட்சுமியம்மா முட்டை ஒட்டியிருந்த செடி இலையைக் கண்ணாடி வழியாகத் தேடினார். சுப்பராஜா துணியைப் பிழிந்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“ஏற்றுமதிச் சரக்கு. தண்ணிய இம்புட்டு உறிஞ்சுதுன்னா, துணியில ஒரு குறையும் இல்லேன்னுதான தம்பி அர்த்தம்?”

பொட்டு

அதற்கடுத்த முட்டை ஆயுத பூஜைக்கு முந்தின நாள் வந்தது. பூஜையன்று சாயங்காலம் லட்சுமியம்மாவின் குரலைக் கேட்டதும் பஸ் ஏறிவிட்டேன். தறிகள் நின்றிருந்தன. கார், சைக்கிள், இஸ்திரிப் பெட்டி எல்லாவற்றுக்கும் பொட்டு. என் மரப் பெட்டிக்கும் சந்தனம், குங்குமம். ப்ளக் துளைகளைக்கூட விடவில்லை. பம்பு ஓடாமல், மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. முட்டை இன்னும் இலையில் இருந்தது.

“தறியே நிக்குது. இது மட்டும் ஓடலாமா? காலையில பூசை போட்டுட்டு ஓட்டுவோம்” என்றார் சுப்பராஜா.

“அதுவரைக்கும் தாங்காது முதலாளி. சைக்கிளுக்குக் காத்தடிக்கிற பம்பாவது குடுங்க.”

“அதுக்கும் பொட்டு வச்சாச்சே.”

என் டெஸ்டரும் ஸ்குரூடிரைவரும்கூடக் கடையில் பூ வைத்துப் படுத்திருந்தன, வெறுங்கையோடுதான் வந்திருந்தேன்.

லட்சுமியம்மா உள்ளே போய் ஒரு சொம்பை எடுத்து வந்து, புருஷனைத் தெலுங்கில் கூப்பிட்டு அவர் முன்னால் நீட்டினார். “ஏமண்டி, இதுக்குப் பொட்டு வைக்கலையே?”

சுப்பராஜா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சொம்பு ஆயுதத்தில் சேராது என்று முடிவானது. முட்டைக்கு எதிர் மூலையில் தண்ணீரை மொண்டு, உயரத்திலிருந்து மெல்ல ஊற்றிக் காட்டி, விடிகிற வரை இப்படி ஊற்றினால் தண்ணீரில் காற்று கலக்கும் என்று சொல்லிவிட்டு ஊருக்குத் திரும்பினேன்.

காலையில் போனபோது இலையில் நூல் நூலாக வால்கள் துடித்துக்கொண்டிருந்தன. சொம்பு சுப்பராஜா கையில் இருந்தது. சட்டை முழங்கை வரை நனைந்திருந்தது. லட்சுமியம்மா தொட்டியை விட்டுக் கண்ணை எடுக்காமல் சொன்னார்:

“செத்த நேரம் படுங்கன்னாலும் கேக்கல தம்பி. மில்லுல தறி எரிஞ்ச அன்னைக்குக்கூட அவிய இப்படி முழிச்சதில்ல.”

ஒயரும் ப்ளக்கும் இல்லாமல், ஒரு தடவைகூடப் பழுதாகாமல் ஓடியதாக என் தொழிலில் நான் பார்த்த ஒரே பம்பு அந்தச் சொம்புதான்.

சூடம் காட்டினார்கள். துளைகளில் இருந்த சந்தனத்தைச் சுரண்டிவிட்டு ஸ்விட்சைப் போட்டேன். குமிழ்கள் எழும்பின. சுப்பராஜா இன்னொரு சொம்பு மொண்டு ஊற்றினார்.