தாசங்குட்டை

முனிலட்சுமிக்கு வாரத்தில் ஒரு நாள்தான் கம்பெனி லீவு. அன்றைக்கும் வீட்டில் இருக்கமாட்டாள். ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு ராயக்கோட்டைப் பக்கத்து ஊர்களில் பாறைக்கும் ஓடைக்கும் பேர் கேட்டுத் திரிவாள். கம்பெனி பஸ்ஸில் பழக்கமான மோகன்குமார் ஏற்றிவிட்ட பைத்தியம் அது. இந்தப் பகுதியின் பழைய பெயர்களை அர்த்தத்தோடு ஒரு வரைபடமாகப் போடப்போவதாகச் சொன்னான். மதுரைப் பையன், தெலுங்கும் வராது, கன்னடமும் வராது. அவள் கூட வந்தால்தான் ஊர்களில் அவனிடம் யாரும் வாய் திறந்தார்கள்.

தெலுங்கில் குட்ட என்றால் மேடு, தமிழில் குட்டை என்றால் நீர் நிற்கும் பள்ளம் என்று அவனுக்குச் சொல்லிக்கொடுத்ததும் அவள்தான்.

"பேச்சுல ரெண்டும் குட்டதான் தம்பி. போய்ட்டு வந்தவனுக்குக் காலு நனைஞ்சிருக்கா, மூச்சு வாங்குதான்னு பாத்துதான் கண்டுபிடிக்கணும்."

அவன் விழுந்து விழுந்து சிரித்தான்.

ஆடு மேய்க்கும் கெம்பம்மாவிடம் அவனைக் கூட்டிப்போனாள். முழங்கால் தண்ணீரில் நின்று ஆடு கழுவிக்கொண்டிருந்த கெம்பம்மா, "இதுக்குத் தாசங்குட்டன்னு பேரு சாமி. எங்க ஆடெல்லாம் இங்கதான் தண்ணி குடிக்கும்" என்றாள். அவன் கரையில் நின்று படம் எடுத்தான்.

வரைபடம் அச்சாகி வந்த கொஞ்ச நாளில் கெம்பம்மா பஸ் ஏறி முனிலட்சுமியின் வீட்டுக்கே வந்துவிட்டாள்.

"மேடுன்னு நானாடி சொன்னேன்? வீட்டுமனை போடற லேஅவுட்டுக்காரன் குட்டைல மண்ணு கொட்டறான். ஏண்டான்னா, மேப்புல மேடுன்னு நீயே சொல்லியிருக்கியேன்னு என் பேரப் படிச்சுக் காட்டறான். தண்ணில நின்னுக்கிட்டு மேடும்பனா? எனக்கென்ன புத்தி கெட்டுப்போச்சா?"

முனிலட்சுமி வரைபடத்தைப் பிரித்துப் பார்த்தாள். 'தாசனகுட்ட: தாசன் மேடு, தெலுங்கு. சொன்னவர் கெம்பம்மா. கேட்டு எழுதியவர் முனிலட்சுமி.'

கெம்பம்மாவை உட்காரவைத்துவிட்டு மோகன்குமாருக்குப் போன் போட்டாள்.

"தெரியாம வந்த தப்புன்னு சொல்லிடு தம்பி. மாத்திடலாம்."

மோகன்குமார் குரலைத் தாழ்த்தினான்.

"மேப்ப அச்சுப்போட்டுக் குடுத்ததே அந்த லேஅவுட்காரங்கதான்க்கா. அதுவும் குட்டன்னா மேடுதானே? நீங்கதானே சொல்லிக்குடுத்தீங்க?"

"என் பேரையாச்சும் எடுத்துடு."

"உங்க பேரு இருந்தாத்தான்க்கா ஊருல நம்புவாங்க."

தன் பேருக்கு இப்படி ஓர் அர்த்தம் உண்டென்று அவளுக்கு அதுவரை தெரியாது.

தாலுகா ஆபீசுக்குப் போய் முறையிட்டாள். "எழுதினதும் நீங்க, இல்லேங்கறதும் நீங்களா? அங்க குட்டை இருந்துச்சுன்னு ஊர்க்காரங்கள வந்து சொல்லச் சொல்லுங்க" என்று அனுப்பிவிட்டார்கள்.

அடுத்த லீவில் போனபோது பாதிக் குட்டை மூடியிருந்தது. சிவப்பு மண்ணின்மேல் கெம்பம்மா ஆடுகளோடு நின்றாள்.

"பெரிம்மா, ஆபீசுல வந்து ஒரு வார்த்த சொல்லு. இது குட்டைன்னு மட்டும் சொன்னாப் போதும்."

கெம்பம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"எது? இதுவா? இதுக்குப் பேரே இல்லியேம்மா. வேணும்னா நீயே ஏதாச்சும் எழுதிக்கோ. உனக்குத்தான் எழுதத் தெரியுமே."

லாரி ஒன்று பின்பக்கமாக வந்தது. கெம்பம்மா ஆடுகளை ஓட்டிக்கொண்டு தார் ரோட்டுப் பக்கம் நடந்தாள்.