எட்டாத காது

வெண்ணந்தூரில் எங்கள் பக்கத்து வீடு சௌந்திரம் அக்காவுடையது. 1979 ஜூனில் மகன் குமாரசாமியைப் பள்ளியில் சேர்க்கக் கூட்டிப்போனார். வலக்கையைத் தலைக்கு மேல் வளைத்து இடது காதைத் தொடச் சொன்னார் வாத்தியார். விரல் உச்சந்தலையோடு நின்றுவிட்டது.

"அஞ்சு வயசு முடிஞ்சுதுங்க சார்."

"கை எட்டலையேம்மா. வளர்த்திட்டு வா."

வளர்த்திட்டு வா! பையன் என்ன சுரைக்கொடியா, தண்ணீர் ஊற்றினால் கூரையேற?

வரும் வழியில் நர்ஸ் ரோசியிடம் அக்கா அழுதார். "இவன் வயித்துல இருந்தப்போ என்ன சாப்பிட்டீங்க?" என்றார் நர்ஸ்.

அப்போது அக்கா மறுபடியும் ஐந்து மாதம். வீட்டுப் பசுவும் சினை. பசுவுக்கு ஆட்டிய பருத்திக்கொட்டை, கடலைப் புண்ணாக்கு. அக்காவுக்கு, குமாரசாமி வயிற்றில் இருந்தபோது போலவே, அரைத்தட்டுச் சோறும் ரசமும். நிறையத் தின்றால் பிள்ளை பெருத்துவிடும், பெற்றெடுக்க முடியாது என்பது மாமியார் காளியாத்தாளின் நினைப்பு. தலைமுறை தலைமுறையாக மாடு வளர்த்த வீடு அது!

அன்று பசுவுக்குத் தீனி வைத்தபடி அக்கா கேட்டார்: "ஏனுங்கத்தை, மாட்டுக்கு மட்டும் கன்னு பெருத்தா நல்லதுங்களா?"

"மாடு படி படியாக் கறக்கும். நீ என்னடி கறக்கப் போறே?"

"எம் புள்ளைக்கு வேணுங்கிறதைக் கறப்பேனுங்க." உள்ளே போய்த் தட்டு நிறையச் சோறும் பருப்பும் போட்டுக்கொண்டார். அன்றிலிருந்து தினமும் அப்படித்தான். மாமியார் முகம் கொடுத்துப் பேசவில்லை. கணவர் அப்புசாமி மாமா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு காட்டு வேலைக்குப் போய்விடுவார்.

பசு முதலில் ஈன்றது. அதன் சீம்பாலை வெல்லம் போட்டுக் காய்ச்சித் தெருவே தின்றது, நானும் தின்றேன். பிறகு அக்காவுக்குப் பெண் பிறந்தது. அதே காளியாத்தாள் கிண்ணத்தோடு வந்தார், தாயின் முதல் பாலைப் பீய்ச்சிக் கொட்ட.

"கெட்ட பாலு. மூணு நாளைக்குச் சக்கரைத் தண்ணி போதும்."

குமாரசாமிக்கும் அதைத்தான் செய்திருந்தார்கள்.

"மாட்டோடதை வழிச்சு நக்குனீங்க. என்னோடது மட்டும் கெட்டதுங்களா?" அக்கா சுவர்ப்பக்கம் திரும்பிக் குழந்தையை மார்பில் போட்டுக்கொண்டார்.

1985 ஜூனில் அந்தக் குழந்தை, மயிலம்மாள், பள்ளிக்குப் போனாள். காதைத் தொட்டதோடு விடாமல் பிடித்துத் திருகியும் காட்டினாள். வீட்டுக்கு வந்ததும் எல்லோருக்கும் அதையே செய்து காட்டினாள். பக்கத்தில் நின்ற பதினோரு வயது அண்ணன் அவளைவிட ஒரு சாண்தான் உயரம்.

"அவன் ஒடம்பு வாகு அப்படி," என்றார் காளியாத்தாள்.

வாகா? அவன் அப்பா நிலைப்படியில் குனிந்துதான் நுழைவார்!

அக்கா மகனை இழுத்துத் தன்மேல் சாய்த்துக்கொண்டார்.

"வாகில்லீங்கத்தை. நாம போடாத சோறு."